தாய்மாமன் சீரில் வந்த இசைத்தட்டுகள்

உங்களுக்கு வேறு சோலியே இல்லையா? பீரோவின் மேல் இருக்கும் சாக்குக்குள் இந்தக் கிழவி என்ன வைத்திருக்கிறாள் என்று தெரியாவிட்டால் சோறு இறங்காதா? அடுப்பில் பால் பொங்குகிறதா என்று போய்ப் பாருங்கள். போக மாட்டீர்களா? சரி, மோந்து பாருங்கள். பழைய அரக்கும் மஞ்சளும் கலந்த வாசனை. உள்ளே இருப்பவை இசைத்தட்டுகள்.

எழுபதுகளில் சோழவந்தானில் அப்பாவுக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. கழித்துப்போட்ட வெற்றிலையை மடியில் கட்டிக்கொண்டு ‘மைக்செட்டு’ கடைக்கு ஓடுவேன். கல்யாண வீடுகளில் ஓடித் தேய்ந்த தட்டுகளைக் கடைக்கார அண்ணன் தருவார். கழித்த வெற்றிலைக்குக் கழித்த தட்டு, நியாயமான வியாபாரம்தானே? நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டது. அதனால் நடுவில் ஒட்டிய காகிதத்தின் நிறத்தை வைத்தே எதில் எந்தப் பாட்டு என்று சொல்வேன். ஆனால் போட்டுக் கேட்க வீட்டில் பெட்டி கிடையாது. கோடுகளில் நகத்தை ஓட்டி, நானே வாயால் பாடிக்கொள்வேன். ஒருநாளாவது அவை தாமாகப் பாட வேண்டும் என்பதுதான் என் ஏக்கம்.

“பொட்டப்பிள்ளைக்கு எதுக்குடி ஓட்டத் தட்டு? எல்லாம் குப்பக்குழிக்குத்தான் போகப்போகுது” என்பாள் அம்மா.

அந்தச் சமயத்தில் நான் வயசுக்கு வந்தேன். என்னைத் தனியே உட்காரவைக்கத் தாய்மாமன் பச்சை ஓலையில் ‘குச்சு’ கட்டினார். சாக்கோடு உள்ளே புகுந்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டேன். தீட்டுப் பட்ட சாமானை அம்மா எப்படித் தொடுவாள்? வெளியே நின்று பல்லைக் கடித்தாள். நான் உள்ளே சிரித்தேன்.

சடங்கு நெருங்கியதும் சிரிப்பு நின்றது. தலைக்குத் தண்ணீர் ஊற்றியபின் குச்சைப் பிரித்து, உள்ளே புழங்கிய பாய் முதல் எல்லாவற்றையும் கொளுத்திவிடுவார்களே! ஓலையைச் சரிசெய்ய வந்த மாமாவிடம் அழுதேன்.

“அம்புட்டுத்தானா? கட்டுனவனுக்கு அவுக்கத் தெரியாதா மருமகளே?” என்றவர், பின்பக்க ஓலையை விலக்கிச் சாக்கை உருவிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் கொட்டுமேளத்தோடு மாமாவின் சீர் வந்தது. பழம், மஞ்சள், பட்டு என்று வரிசையாகத் தாம்பாளங்கள். கடைசித் தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, கதம்பம் சுற்றிய என் தட்டுகள்.

“அடேய் தம்பி, இதையுமா சீருல வச்ச?”

“தாய்மாமன் சீருதான், அக்கா. வேணாம்னா சொல்லு, கை நனைக்காமப் போறேன்.”

தாய்மாமன் சாப்பிடாமல் போனால் சடங்கு என்னாவது? சபையே அம்மாவைப் பார்த்தது. முகத்தைச் சுளித்தபடி வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு மைக்செட்டுப் போட வந்திருந்ததும் அதே கடை அண்ணன்தான். முதல் தட்டைச் சுழலவிட்டார். தென்னையில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து என் பாட்டு, கரகரவென்று, தானாகவே பாடியது. பாதியில் ஊசி கீறலில் மாட்டி ஒரே இடத்தைச் சுற்றியது. அப்போது பந்தியில் சாம்பார் வாளியோடு நின்ற அம்மா, தன்னை மறந்து அடுத்த அடியைப் பாடினாள். அதன்பிறகு அவள் வாயில் குப்பைக்குழி என்ற பேச்சே வரவில்லை.

இப்போது தென்னையில் குழாய் கட்டுவார் இல்லை. பேத்தி காதுக்குள்ளேயே பாட்டை அடைத்துக்கொண்டு திரிகிறாள். அதுவும் நல்லதுதான், எப்படியோ பாட்டுப் போகிறது.

அன்று சடங்கு முடிந்ததும் பக்கத்து வீட்டுப் பெண்கள், “என்னடி, ஒம் மாமன் ஒரு சங்கிலி கொண்டாரக் கூடாதா?” என்று கேலி பேசினார்கள்.

“சங்கிலின்னா எங்கழுத்துல மட்டுந்தான் கெடக்கும் மதினி. இன்னைக்கு எஞ்சீரு ஒங்க அடுப்படி வரைக்கும் வந்துச்சுல்ல?” என்றேன்.