டிக் சத்தம் வராத ஏசி

போன சனிக்கிழமை காலை என் கிழட்டு ஜப்பான் காரில் ஏசி படுத்துவிட்டது. மறுநாள் பிற்பகல் தீவின் மறுகோடியில், நாடி விமான நிலையத்தில் விமானம். என் தங்கை லட்சுமி, மச்சான், இரண்டு பிள்ளைகள் — ஆக்லாந்துக்கு, ஒரேயடியாக. திங்கட்கிழமைக்குள் அங்கே போய் இறங்காவிட்டால் விசா செல்லாது.

கண்ணாடியை இறக்கிவிட்டுப் போகலாமே என்பீர்கள். ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு இந்த வாரங்களில் யார் கண்ணாடியை இறக்குகிறார்கள்? அவ்வளவு தூரத்துக்கு எந்த டாக்சியும் வர மாட்டேன் என்கிறது. லட்சுமிக்கு ஆஸ்துமா வேறு. வழியெல்லாம் கரும்பு எரிக்கும் புகை. நாலு மணி நேரம் அடைத்த காரில் வெந்தால், விமானத்துக்குப் பதில் ஆஸ்பத்திரிக்குத்தான் போவாள்.

மெக்கானிக்? எங்கள் சமபுலா பக்கத்தில் எனக்குத் தெரிந்த நல்ல கார் எலெக்ட்ரீஷியன்கள் எல்லோரும் இப்போது சிட்னியில்! மின்சாரம் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் லேம்ப்பை நானே எடுத்தேன். இந்த விஷயத்தில் எனக்குத் தன்னடக்கம் கிடையாது.

ஏசி என்றாலே எல்லோரும் கேஸைத்தான் சந்தேகப்படுவார்கள். நான் முதலில் காதைத் தீட்டிக்கொள்வேன். சுவிட்சைப் போட்டால் கம்ப்ரஸர் 'டிக்' என்று பிடிக்க வேண்டும். பிடிக்கவில்லை. ஃப்யூஸ் நன்றாக இருந்தது. அதே மாதிரியான ஹார்ன் ரிலேயைக் கழற்றி ஏசி ரிலே இருந்த இடத்தில் செருகினேன். ம்ஹும். பேட்டரியிலிருந்து நேராக ஒரு கம்பி கொடுத்தேன் — டிக்! ஆக, கம்ப்ரஸர் பிழைத்தது. நடுவில் எங்கோதான் மின்சாரம் நின்றுபோகிறது.

லட்சுமி டீயோடு வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் நான் தேடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு, கம்பியைத் தொட்டுத் தொட்டுப் போனேன். கடைசியில் சிக்கியது. எந்த ஜப்பான்காரனும் வைக்காத ஒரு குட்டி சுவிட்ச். கார் திருடு போகாமல் இருக்க ரகசியமாக வைப்பார்களே, அது. அதற்காக இன்ஜின் கம்பியோடு ஏசி கம்பியையும் வெட்டி, ஈயம் உருக்கி சால்டர் வைக்காமல் கையால் முறுக்கி, டேப் சுற்றியிருந்தார்கள். ஏசி கம்பி களிம்பேறிப் பச்சையாகப் பூத்து விட்டுப்போயிருந்தது.

எந்த முட்டாள் செய்த வேலை இது என்று கத்தினேன்.

"நீதாண்ணே பண்ணினே" என்றாள் லட்சுமி. "மொத கூ வந்தப்போ, ஆட்சியக் கவுத்தாங்களே. நான்தான் டார்ச்சு புடிச்சேன்."

உண்மைதான். கலவரத்தில் காரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயந்து செய்தது. கலவரம் அடங்கியதும் சுத்தமாக மறந்துவிட்டேன். எந்தக் கோளாறிலும் நாம் கடைசியாகச் சந்தேகப்படுவது நம்மைத்தான், இல்லையா?

இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா சரியாயிடுமே அண்ணே."

கம்பியின் இரண்டு முனையும் என் கையில் இருந்தன. முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், விமானம் போய்விடும். சத்தியமாகச் சொல்கிறேன், நினைத்தேன். ஆனால் மச்சானின் கடையைக் கொள்ளையடித்த நாளிலிருந்து சின்னவன் கட்டிலுக்கு அடியில்தான் தூங்குகிறான்.

சால்டர் வைத்தேன். டிக்.

நாடி வரை காருக்குள் ஜில்லென்று இருந்தது. லட்சுமிக்கு ஒரு தடவைகூட மூச்சு இளைக்கவில்லை. திரும்பும் வழியில் நான்தான் சிகடோகா ஊரில் வண்டியை ஓரங்கட்டி அழுதேன்.

விஷயம் பரவிவிட்டது. எங்கள் தெருவில் மூன்று பேர் தங்கள் கார் ஏசியையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். எங்கே பயணம் என்று நான் கேட்கவில்லை.