ஆர்டிஸ் வெட்ஸ்லாஃபின் பின்வரிசை

ஆர்டிஸ் வெட்ஸ்லாஃப் விலைபோய்விட்டார் என்ற செய்தி ஏப்ரல் முதல் வாரத்தில் எங்கள் லிண்டர்வில்லில் பரவியது. விலை, ஒரு நாயைக் கட்டிப்போடுவது. தீவனக்கடை நார்பர்ட் கீசோ தன் நாய் கேப்டனைச் சங்கிலியில் போட ஒப்புக்கொண்டாராம். பதிலுக்கு ஆர்டிஸ் இந்த ஆண்டு நார்பர்ட் பக்கம் ஓட்டுப் போடுவாராம். என்னிடம் சொன்ன மூன்று பேரும் “எனக்கென்ன தெரியும், சொன்னாங்க” என்று ஒரே மாதிரி முடித்தார்கள். எங்கள் ஊரில் ஒரு விஷயம் உண்மை என்பதற்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி கிடையாது. ஆனாலும் ஊர்ப் பத்திரிகைக்கு எழுதுவது என் வேலை, சரிபார்க்கப் போனேன்.

நான் போனபோது ஆர்டிஸ் பாஸ்டர் வீட்டு வாசலிலிருந்து பின்பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தார். அவர் ஊரின் தபால்காரர். வயது ஐம்பத்தொன்பது. கடிதத்தைப் பெட்டியில் போட்டதும் முழங்காலை லேசாக மடித்து, இடுப்பைத் தாழ்த்தி, வீட்டைப் பார்த்தபடியே ஏழெட்டு எட்டு பின்னால் வைத்து, பிறகு சட்டென்று திரும்பி அடுத்த வீட்டுக்குப் போவார். நாய்களால் வந்த பழக்கம். பாஸ்டரிடம் நாய் கிடையாது, ஒரு தங்கமீன் உண்டு. அதற்கும் அதே ஏழெட்டு எட்டுதான்.

அவர் பின்னால் நடப்பது நாய்க்காக மட்டுமல்ல. நம் அமெரிக்கக் கால்பந்தில் எதிரணி பந்தை நெடுந்தூரம் எறியும்போது அதைப் பிடிக்க ஓடிவருகிறவனைத் தடுக்கப் பின்வரிசையில் சிலர் நிற்பார்கள். ஓரங்களில் நிற்பவன் கார்னர். எல்லோருக்கும் பின்னால் கடைசியாக நிற்பவன் சேஃப்டி. இவர்கள் பிழைப்பே பின்பக்கமாக ஓடுவது. ஆர்டிஸுக்கு ஆட்டம் என்றால் இவர்கள்தான். மற்ற பதினேழு பதினெட்டுப் பேரும் இவர்கள் வேலை செய்வதற்காக மைதானத்தில் நிற்கிறார்கள் என்பது அவர் எண்ணம்.

ஆளைப் பார்த்தால் இடுப்பைத்தான் பார்ப்பார். கல்யாண வீட்டில் போல்கா நடனம் தொடங்கியதும் தட்டோடு ஓரத்தில் போய் நின்றுகொள்வார். போன வருஷம் ஒரு மாப்பிள்ளையைப் பற்றிப் பெண்ணின் அம்மாவிடமே தீர்ப்புச் சொன்னார்: “இடது பக்கம் நல்லாத் திரும்புறான். வலது பக்கம் திரும்பச் சொன்னா தபால் வண்டி மாதிரி ஊர் சுத்தித்தான் வருவான்.” புதிதாக வந்த பாஸ்டருக்கு ஆட்டத்துக்கு வாகான உடம்பாம். பிரசங்க மேடையில் வீணாகிறதே என்பது மட்டும்தான் வருத்தம்.

இதெல்லாம் ஏன் ஓட்டுவரை போனது என்றால், எங்கள் அணிக்கு முதலாளி என்று ஒருவர் கிடையாது. ரசிகர்களான நாங்கள்தான் முதலாளி. ஆளுக்கொரு பங்கு வைத்திருக்கிறோம். அந்தப் பங்கு லாபம் தராது, விற்க முடியாது, பத்திரத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம். லிண்டர்வில்லில் அறுபத்தொரு சுவர்களில் தொங்குகிறது. ஏப்ரல் கடைசியில் அணிகள் முறைவைத்துக் கல்லூரி ஆட்டக்காரர்களை எடுத்துக்கொள்ளும் டிராஃப்ட் நடக்கும். அதற்கு இரண்டு வாரம் முந்தைய வெள்ளிக்கிழமை, பௌலிங் கூடத்தில் மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு, அணிக்கு இப்போது முக்கியத் தேவை எது என்று அறுபத்தொரு முதலாளிகளும் ஓட்டுப் போடுவோம். ஜெயித்த கட்சி ஒரே பக்கத்தில் ஒரு கடிதம் எழுதி அணி அலுவலகத்துக்கு அனுப்பும். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பதில்கூட வந்ததில்லை. அதை யாரும் குறையாக நினைப்பதில்லை. உத்தரவு போட்டவன் பதிலுக்கா காத்திருப்பான்?

இருபத்திரண்டு வருஷமும் ஜெயித்தது நார்பர்ட். அவர் கேட்பது எப்போதும் பந்து பிடிக்கிறவன். தேவை பின்வரிசை என்று சொன்ன ஆர்டிஸ் இருபத்திரண்டு வருஷமும் தோற்றார். தோற்ற மறுநாள் தெருமுனைப் பெட்டியைத் திறந்து நார்பர்ட்டின் கடிதத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனதும் ஆர்டிஸேதான். ஒருமுறைகூட அது தொலையவில்லை. அந்த நேர்மைக்காக ஊர் அவரை மதிக்கிறது. கொஞ்சம் ஏமாளி என்றும் நினைக்கிறது.

அன்று அவரோடு நடந்தேன். ஏப்ரலில் எங்கள் ஊரில் தபால் தாமதமாகத்தான் வரும். ஒவ்வொரு வாசலிலும் யாராவது நின்று அணியைப் பற்றிக் கேட்பார்கள், ஆர்டிஸும் பையிலிருந்து நோட்டை எடுப்பார். பதினோரு பக்கம். ஆட்டக்காரர்களுக்குப் பெயர் கிடையாது, சட்டை எண்தான். இடது கார்னர் இருபத்து நாலாம் நம்பருக்கு வயது முப்பத்தொன்று, முழங்காலில் இரண்டு ஆபரேஷன். வலது கார்னர் நல்ல பையன், ஆனால் பந்து வரும்போது தலையைத் திருப்பிப் பார்க்கப் பயப்படுகிறான். இரண்டு சேஃப்டிகளில் ஒருவன் மார்ச்சில் அதிகச் சம்பளத்துக்கு வேறு அணிக்குப் போய்விட்டான். மிச்சமிருக்கும் முப்பத்தாறாம் நம்பர் ஆளை அடித்து வீழ்த்துவதில் சூரன், ஆனால் அடிக்கிற ஆசையில் முன்னால் ஓடிவந்துவிடுவான். போன சீசனில் நாற்பது கஜத்துக்கு மேல் எறிந்த பந்துகளில் பதினாலு அவன் தலைக்கு மேலே போனது. ஜனவரியில் நம் அணியைத் தோற்கடித்து வீட்டுக்கு அனுப்பியதும் அப்படி ஒரு பந்துதான்.

“பந்து பிடிக்கிறவன் நாலு பேரு இருக்கான். நாலு பேரும் நல்லவன். கதவே இல்லாத வீட்டுக்கு இவனுங்க அஞ்சாவது சோபா வாங்கணுங்கிறானுங்க” என்றார்.

நார்பர்ட் வீட்டுக்கு வந்தோம். கேப்டன் உண்மையிலேயே சங்கிலியில்தான் கிடந்தது. வாசற்படியில் நார்பர்ட் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். நான் நாயைப் பார்த்தேன். நான் நாயைப் பார்ப்பதை அவர் பார்த்தார்.

“நாய் என்னுது, சங்கிலி என்னுது. பேப்பர்ல போட இதுல என்ன இருக்கு?” என்றார்.

ஆர்டிஸ் தபாலைக் கொடுத்துவிட்டு, கட்டிப்போட்ட நாயைப் பார்த்தபடி பின்னால் நடந்தார். அடுத்த தெரு திரும்பும்வரை அடக்கிவைத்திருந்த சிரிப்பு அங்கே வந்ததும் வெடித்தது. விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு நடந்ததைச் சொன்னார்.

மார்ச் மாதம், பனி உருகிக்கொண்டிருந்த ஒரு காலை. கேப்டன் வழக்கம்போல் பாய்ந்து வந்திருக்கிறது. ஆர்டிஸ் வழக்கம்போல் பின்னால் நடந்திருக்கிறார். நாயின் முகத்தைப் பார்க்கக் கூடாது, முகம் ஏமாற்றும், தோளைப் பார்க்க வேண்டும் என்பது அவர் கணக்கு. தோளைவிட்டுக் கண் எடுக்காமல் பதினோரு எட்டு. நாய் எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் இடுப்பு திரும்பியிருக்கிறது. பழுதே சொல்ல முடியாத கார்னர் ஆட்டம். அந்த நேரம் பார்த்து வேலியோரப் புதரிலிருந்து ஒரு காட்டு வான்கோழி கிளம்பி, அவர் முதுகுப்பக்கம் வந்து சேர்ந்திருக்கிறது. அது ஜோடி தேடும் மாதம். தபால் சீருடை எதுவும் அந்த மாதத்தில் வான்கோழிக்கு எதிரிதான்.

“நாய நான் பாத்துக்கிட்டேன். என் பின்னாடி யாரு பாக்கிறது? ஒருத்தனும் இல்ல. குண்டித் தசையில கொத்திருச்சு” என்றார்.

படியில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த நார்பர்ட், காப்பிக் கோப்பையை எறிந்துவிட்டு, “பின்னால, பின்னால” என்று கத்திக்கொண்டு, போன வருஷம் மாற்றிவைத்த இடுப்பு மூட்டோடு ஓடிவந்து வான்கோழிக்கும் ஆர்டிஸுக்கும் நடுவே விழுந்தாராம். எழுந்து மேலிருந்த பனியைத் தட்டிவிட்டாராம். அப்புறம், “ஓ, அந்த சேஃப்டிக்காரன் வேலை இதுதானா?” என்று மட்டும் கேட்டாராம். அன்று மதியம் சங்கிலி வாங்கியிருக்கிறார்.

ஆக வதந்தி பாதி உண்மை. பேரம் ஒன்று நடந்திருக்கலாம், ஆனால் விலைபோனது யார் என்பதை ஊர் மாற்றிச் சொன்னது. இதை நான் கேட்டபோது ஆர்டிஸ் சிரிப்பை நிறுத்தினார். நார்பர்ட் எப்படிப் போடுவார் என்று தனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன் என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு அவராகவே சொன்னார்:

“இருபத்திரண்டு வருஷம் அடுத்தவன் எழுதினதையே சுமந்துட்டேன். ஒரே ஒரு தடவ என் கையால எழுதினது இந்தப் பையில போகணும். அணி கேக்கலேன்னா போகுது. பையில போகணும்.”

வெள்ளிக்கிழமை பௌலிங் கூடத்தில் உட்கார இடமில்லை. மீன், ரை ரொட்டி, முட்டைக்கோஸ், பிராந்தி. முதலில் நார்பர்ட் எழுந்து இருபத்திரண்டு வருஷமாகப் பேசுவதையே பேசினார், புள்ளி எடுக்கிறவன்தான் ஆட்டம் ஜெயிக்கிறவன் என்று. கைதட்டல் கூரையைத் தொட்டது. ஆர்டிஸ் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார், திறக்கவில்லை. முப்பத்தாறாம் நம்பருக்குப் பின்னால் யாருமில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பேச்சு பத்து வினாடி இருக்கும்.

ஓட்டு, பீர்க் கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டையின் பின்பக்கத்தில். கூடத்தை நடத்தும் லவோன் ட்ரெப்டோ மீன் வறுக்கும் கூடையில் அவற்றை வாங்கி, ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். நாற்பதாவது அட்டை வாக்கில் லவோன் ஒரு கணம் நின்றார். பிறகு “பின்வரிசை” என்று படித்துவிட்டு அட்டையை எல்லோருக்கும் தெரியும்படி மேஜைமேல் வைத்தார். தடித்த சிவப்புப் பென்சிலில் எழுதியிருந்தது. தீவன மூட்டையில் எடை குறிக்கிற பென்சில். ஊரில் ஒரே ஒரு காதுக்குப் பின்னால்தான் அது இருக்கும். நார்பர்ட் முட்டைக்கோஸைக் கவனமாக மென்றுகொண்டிருந்தார்.

முப்பத்தொன்று, முப்பது. பின்வரிசை.

கூட்டம் கத்தியது, தோற்றவர்களும் சேர்ந்துதான். கூட்டல் கழித்தல் தெரிந்தவர்கள் எல்லோரும் நார்பர்ட்டைப் பார்த்தோம். “பென்சில கடையில தொலைச்சிட்டேன், எவனோ எடுத்திருக்கான்” என்றார். பென்சில் காதில்தான் இருந்தது.

ஆர்டிஸ் கவுன்ட்டரில் நின்றபடியே எழுதினார். பதினோரு பக்கத்தையும் ஒரு பக்கமாகச் சுருக்குவார் என்று நினைத்தோம். நாலே வரிதான் வந்தது. உறையில் போட்டு ஒட்டினார். அப்போதுதான் தெரிந்தது, கூடத்தில் ஒருவரிடமும் ஸ்டாம்ப் இல்லை. லவோனின் பணப்பெட்டியில் இல்லை. முப்பது வருஷத் தபால்காரரின் பையில் இல்லை. கடைசியில் நார்பர்ட் பர்ஸைத் திறந்து, ஓட்டுநர் உரிமத்துக்குப் பின்னாலிருந்து கலங்கரை விளக்கம் போட்ட ஒரு பழைய ஸ்டாம்பை எடுத்தார்.

“கடனாத்தான் தர்றேன். திருப்பித் தரணும்” என்றார்.

“யோவ், திங்கக்கிழம முத வேலையா தர்றேன்யா” என்றார் ஆர்டிஸ்.

டிராஃப்டில் நம் அணி முதல் சுற்றில் முன்வரிசைக்கு முந்நூற்றுச் சொச்சம் பவுண்டு எடையுள்ள ஒருவனை எடுத்தது. கூடம் முழுக்க ஆர்டிஸைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டது. இரண்டாம் சுற்றில் ஒரு சேஃப்டியை எடுத்தது. தெருவில் இருந்த வண்டிகள் அத்தனையும் ஹாரன் அடித்தன. உத்தரவு நிறைவேற்றப்பட்டது என்று ஊர் முடிவு செய்தது. அப்படியானால் முதல் சுற்றிலேயே ஏன் எடுக்கவில்லை என்று நான் கேட்டதற்கு, தபால் ஒரு நாள் தாமதமாகச் சேர்ந்திருக்கும் என்றார் ஆர்டிஸ், முகத்தில் சிரிப்பே இல்லாமல். அந்த சேஃப்டியை எடுத்தது என் ஸ்டாம்ப்தான் என்று நார்பர்ட் சொல்லித் திரிகிறார்.

இப்போது மே மாதம். தினமும் காலையில் ஸ்டாம்ப் கட்டுகளுக்கு நடுவே நின்று தபால் பிரிக்கிற ஆர்டிஸ், பத்தரை மணிக்கு நார்பர்ட் வீட்டு வாசலுக்கு வருகிறார். நார்பர்ட் கடன் ஸ்டாம்புக்காக வெறும் கையை நீட்டுகிறார். ஆர்டிஸ் அந்தக் கையைப் பார்க்கிறார். பைக்குள் வெகு தீவிரமாகத் தேடுகிறார். மின்சார பில்லை எடுத்துக் கையில் வைக்கிறார், அதன்மேல் விதைக் கம்பெனிப் புத்தகம், அதன்மேல் தேவாலயச் சுற்றறிக்கை. அடுக்கு சரியாமல் இரண்டு விரலால் நேராக்கிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார். நார்பர்ட் கையை இறக்குவதில்லை.