அண்ணனின் கம்ப்யூட்டரை நான் துடைத்த சனிக்கிழமை

அண்ணன் மறைந்து ஒரு வருஷம் நிறைகிறது. வேலை வெட்டியை விட்டுவிட்டு, லோக்கல் ரயிலில் இடிபட்டு, இன்று திதிக்கு வந்து சாப்பிட்டு இந்த நினைவு மலரையும் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் தெருக்காரர்களுக்கும் வணக்கம். அட்டையில் இருக்கும் படத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உள்ளே என்ன புதிதாக இருந்துவிடப் போகிறது என்று மூடி வைத்துவிடாதீர்கள். நீங்கள் படித்தே ஆகவேண்டிய ஒன்று இதில் இருக்கிறது. தமிழ் படிக்க வராத பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் படித்துக் காட்டுங்கள்.

அண்ணன் பிறந்தது தாராவியில், இப்போது மதினி இருக்கிற அதே அறையில். அப்பா தோல் கம்பெனியில் வேலை பார்த்தார். அண்ணன் பத்தாம் வகுப்பு முடித்த வருஷம் அப்பா போனார், அடுத்த வருஷமே அம்மாவும் போய்விட்டார்கள். அண்ணனுக்கு அப்போது பதினேழு வயது, எனக்கு எட்டு. மாட்டுங்காவில் ஒரு டைப்பிங் வகுப்பில் காலையில் பெருக்கித் துடைக்கும் வேலைக்குப் போனார். சம்பளத்துக்குப் பதிலாக டைப்பிங் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு ஒரு லாரி ஆபீஸில் கிளார்க். என்னைக் கல்லூரிவரை படிக்கவைத்துச் செம்பூரில் கட்டிக்கொடுத்ததும் அந்த வேலைதான். பள்ளிக்கூட நாளில் எனக்குத் தலை பின்னி விட்டதும் அண்ணன்தான். கோணல்மாணலாகத்தான் பின்னுவார். நான் கத்துவேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும் என்பது தெரியாதவர்கள் இந்த மலரை வாங்குகிறவர்களில் யாரும் இல்லை.

ஆபீஸ் விட்டு வந்தால் அண்ணனுக்கு ஓய்வு கிடையாது. ரேஷன் கார்டு, பென்ஷன், பாஸ்போர்ட், பள்ளிக்கூட டி.சி. என்று தெருவில் யாருக்கு என்ன விண்ணப்பம் எழுத வேண்டுமானாலும் நம் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். முதலில் டைப்ரைட்டர் இருந்தது. பின்னால் ஒரு பழைய கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் வாங்கினார். யார் எந்தக் காகிதம் கொண்டுவந்தாலும் அதை ஒரு பிரதி எடுத்து உள்ளே ஏற்றி வைத்துவிட்டுத்தான் மறுவேலை. மழைக்காலத்தில் தண்ணீர் புகுந்தால் தாராவியில் முதலில் போவது காகிதம்தான் என்பது அவருக்குத் தெரியும். இதற்கெல்லாம் யாரிடமும் கை நீட்டியதில்லை. "உனக்குன்னு ஒரு உடம்பு இருக்குண்ணே" என்று நான் சண்டை போட்டால், "இதுல உக்காந்து தட்டுறதுக்கு என்னளா உடம்பு வேணும்?" என்பார்.

போன வருஷ மழையில் அது நடந்தது. மத்தியானத்திலிருந்தே அண்ணனுக்கு நெஞ்சு வலி. படுங்கள் என்று மதினி பாயை விரித்திருக்கிறார். சாயங்காலம் எதிர்ச்சந்து செல்லக்கனி அக்கா நனைந்த பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். மாட்டுங்காவில் நாலு வீட்டில் சமையல் செய்து பிழைக்கிறவர். கணவர் இல்லை, தனியாள். பரணில் தண்ணீர் இறங்கி, அவருடைய அறைப் பத்திரம் கூழாகிக்கொண்டிருந்தது. அண்ணன் எழுந்து உட்கார்ந்து இஸ்திரிப் பெட்டியை லேசாகச் சூடு பண்ணி, அந்தக் காகிதத்தை மடிப்பு மடிப்பாகக் காயவைத்து, ஒவ்வொரு பக்கமாக ஏற்றியிருக்கிறார். கடைசிப் பக்கம் ஏறியதும் காகிதம் துண்டு துண்டாகிவிட்டது. "நீங்க நிம்மதியாப் போங்க, உள்ள பத்திரமா இருக்கு" என்று அனுப்பிவைத்தார். மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி. மூன்றாம் நாள் அண்ணன் இல்லை.

எனக்கு அந்த இஸ்திரிப் பெட்டியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. செல்லக்கனி அக்காவைப் பார்க்கவும் பிடிக்கவில்லை.

போனவர்களின் பொருளை முப்பதாம் நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும், அதையும் கழுவித்தான் கொடுக்க வேண்டும் என்பது நம் வீட்டு வழக்கம். கழுவாமல் கொடுத்தால் வாங்குகிறவர்களுக்கு ஆகாது என்பார்கள். சட்டைகளைத் துவைத்துக் கொடுத்தோம். குடையைக்கூடக் கழுவிக் காயப்போட்டோம். கம்ப்யூட்டரை நம் தெருவில் நடக்கும் டியூஷன் வகுப்புக்குத் தருவதாகப் பேச்சு. கல்லூரி ஆபீஸில் ரிக்கார்டு பிரிவில் இருக்கிறவள் நான்தானே, அதனால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. இருபத்தெட்டாம் நாள், சனிக்கிழமை காலை, செம்பூரிலிருந்து வந்தேன்.

வெளியே துணியால் துடைத்தேன். பிறகு உள்ளே. குடும்பப் படங்களை ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொண்டேன். மற்றதெல்லாம் தெருவின் காகிதங்கள். தெரியாமல் அழித்துவிட்டேன் என்று இந்த இடத்தில் எழுதலாம், எழுத ஆசையாகவும் இருக்கிறது. ஆனால் அது பொய். எனக்குத் தெரியும். ஒவ்வொரு ஃபோல்டராகப் பார்த்தேன். இதற்காகத்தானே உட்கார்ந்து உட்கார்ந்து செத்தார் என்று வயிறு எரிந்தது. அவரவர் காகிதம் அவரவரிடம் இருக்கட்டும், ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்று நினைத்தேன். சீக்கிரம் அழிக்கவா, முழுசாக அழிக்கவா என்று கேட்டது. முழுசாக அழித்தால் பல மணி நேரம் ஆகும். ஆனால் அழிந்தது அழிந்ததுதான், யாராலும் திருப்பி எடுக்க முடியாது. நான் முழுசாக என்பதைத்தான் அழுத்தினேன்.

இருபத்திரண்டு சதவீதத்தில் போய்க்கொண்டிருக்கும்போது வாசலில் குரல் கேட்டது.

"உள்ள வரலாமா தாயி?"

செல்லக்கனி அக்கா. கையில் ஒரு நோட்டீஸ்.

"திங்கக்கிழம பத்து மணிக்கு சர்வே ஆபீஸ்ல வரச் சொல்லிருக்கான். ரூமு பத்திரத்தக் கொண்டாங்கான். அண்ணாச்சி ஏத்தி வச்சிருக்காவல்லா, அதுல ஒரு பிரிண்ட் போட்டுத் தந்திரு தாயி."

தாராவிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டோம்பிவிலியிலிருந்தும் ஊரிலிருந்தும் வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் சந்துகளை இடித்துப் புது வீடு கட்டித் தரும்போது, இன்ன வருஷத்துக்கு முன்னாலிருந்தே இங்கே குடியிருந்தோம் என்று காகிதம் காட்டுகிறவர்களுக்குத்தான் பட்டியலில் பெயர். காகிதம் இல்லையென்றால் வெளியே. செல்லக்கனி அக்காவுக்கு இந்த உலகத்தில் இருப்பது அந்தப் பத்துக்குப் பத்து அறை ஒன்றுதான்.

எழுந்து திரையை மறைத்துக்கொண்டு நின்றேன். முதுகுக்குப் பின்னால் அது அழித்துக்கொண்டே இருந்தது.

"மெஷின் கெட்டுப்போச்சுக்கா" என்றேன். "அண்ணன் வாங்குனதே பழசு. திறக்கவே மாட்டேங்குது."

அவர் அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார். "பத்திரமா இருக்குன்னாவளே... நிம்மதியாப் போங்கன்னாவளே... இப்படி நடுத்தெருவுல விட்டுட்டுப் போயிட்டாவளே அண்ணாச்சி" என்று தலையில் அடித்துக்கொண்டார். சரி பண்ணப் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அவர் தலை மறைந்ததும் அடுப்படியிலிருந்து மதினி பாய்ந்து வந்தார்.

"மொதல்ல பிளக்கப் பிடுங்குளா! செத்த மனுசன் மேல பழியப் போடுதியே, வாய் கூசல?"

பிடுங்கினேன். திரை கறுத்தது. கடைசியாக நான் பார்த்தது இருபத்தைந்து.

மெஷினை டாக்சியில் போட்டுக்கொண்டு சயானில் எனக்குத் தெரிந்த ஒரு ரிப்பேர்காரரிடம் ஓடினேன். "கித்னா ஹுவா தா தீதி?" என்று கேட்டார், எவ்வளவு அழிந்தது என்று. சொன்னேன். "தோ உத்னா கயா. பாக்கீ தேக்தா ஹூம்" என்றார். போனது போனதுதான், மிச்சத்தைப் பார்க்கிறேன் என்று அர்த்தம். என் வீட்டுக்காரரிடம்கூட விஷயத்தைச் சொல்லவில்லை.

ஞாயிறு மத்தியானம் எடுத்துக் கொடுத்தார். காகிதங்கள் வந்திருந்தன, பெயர்கள் வரவில்லை. எல்லாவற்றுக்கும் வெறும் நம்பர். யாருடையது எது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால்தான் தெரியும். தெருக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைக்க முடியாது. ஒருவர் காகிதத்தை இன்னொருவர் பார்க்கக் கூடாது. நானும் மதினியும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம். ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுகள், கோர்ட்டு நோட்டீஸ்கள், வேலை கேட்டு எழுதிய கடிதங்கள். இந்தத் தெருவில் யார் யாருடைய கஷ்டத்தையெல்லாம் அண்ணன் வாயைத் திறக்காமல் வைத்திருந்தார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நானும் திறக்க மாட்டேன், பயப்படாதீர்கள்.

ஐந்து மணிக்கு எல்லாம் பார்த்து முடித்தாயிற்று. செல்லக்கனி அக்காவின் பத்திரம் இல்லை. நான் அழித்த கால் பங்கில் அது போயிருந்தது. நான் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். மதினி மட்டும் விடாமல் மறுபடி முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏளா, இங்க பாரு. இது தாவீது மாமா ரூமு பத்திரம்லா? அவியளுக்கும் செல்லக்கனிக்கும் ஒரே சுவருதான?"

அண்ணன் வாலிப வயசில் டைப்ரைட்டரில் அடித்த பத்திரம். அறைப் பத்திரம் எது அடித்தாலும் நாலு பக்கமும் யார் இருக்கிறார்கள் என்று எழுதாமல் விடமாட்டார். இத்துனூண்டு ரூமுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டால்கூட விடமாட்டார். தெற்கே, செல்லக்கனி அக்காவின் கணவர் பெயர் எழுதி, மனைவியுடன் குடியிருக்கும் அறை என்று போட்டிருந்தது. கீழே தேதி இருந்தது. அவர்கள் கேட்கிற வருஷத்துக்கும் முந்தின தேதி.

அடுத்த தலைவலி தாவீது மாமா. அவருக்கும் செல்லக்கனி அக்காவுக்கும் கூரைத் தண்ணீர் யார் பக்கம் விழுவது என்று தீராத சண்டை. போய் நின்றேன். "அவ பத்திரம் எங்க போச்சு?" என்றார். மெஷின் கெட்டுப்போச்சு என்று மறுபடியும் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அண்ணாச்சிக்குக் காகிதம்னா உசுரு. அவியட்டப் போயித் தொலைஞ்சிச்சுங்கியே, நம்ப முடியலயே" என்றார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவர் உள்ளே போய் ஒரிஜினல் பத்திரத்தை பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துவைத்தார். "எத்தன மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

திங்கட்கிழமை ஒன்றரை மணி நேரம் வரிசை. இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள், நடுவில் நான். மேஜையில் இருந்தவர் பத்திரத்தைப் படித்தார், தேதியை விரலால் தொட்டுப் பார்த்தார், இது பக்கத்து அறைப் பத்திரம்தானே என்றார். செல்லக்கனி அக்கா என் கையைப் பிடித்திருந்த பிடியில் வளையல் அழுந்தியது. இந்த அம்மா உண்மையிலேயே அங்கேதான் இருந்தாரா என்று மேஜைக்காரர் தாவீது மாமாவிடம் ஹிந்தியில் கேட்டார்.

"தீஸ் சால் ஸே ஜக்டா கர் ரஹா ஹூம், ஸாப்" என்றார் மாமா. முப்பது வருஷமாக இவளோடு சண்டை போடுகிறேன், இவள் இல்லாமல் வெறும் சுவரோடா போட்டேன் என்று கத்தினார். வரிசையே சிரித்தது. மேஜைக்காரரும் சிரித்துவிட்டார். பிரதியை வாங்கி, மாமாவிடம் கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தினார். நாலு மாதம் கழித்துப் பட்டியல் ஒட்டினார்கள். செல்லக்கனி அக்காவின் பெயர் அதில் இருந்தது.

இது தெருவுக்குத் தெரிந்த கதை. தெரியாத பாதி என்னிடம் இருந்தது. அண்ணாச்சி மெஷினை நம்பி மோசம் போகப் பார்த்தேன், காகிதத்தை யாரையும் நம்பி விட்டுவிடாதீர்கள் என்று செல்லக்கனி அக்கா குழாயடியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். என் காதுபடவே சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டு போனேன். ஒரு வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் இந்த மலருக்கு அண்ணனின் நற்குணங்களைப் பற்றி மூன்று பக்கம் எழுதி மதினியிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, யாரப் பத்தியோ எழுதுன மாதிரி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதனால்தான் இது. அண்ணனிடம் கொடுத்த எந்தக் காகிதமும் அண்ணனால் தொலையவில்லை. மெஷின் கெடவில்லை. அழித்தது நான். இன்னும் யார் யாருடைய காகிதம் அதில் போனது என்று எனக்கே தெரியாது. சந்தேகம் இருப்பவர்கள் என்னைக் கேளுங்கள். திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் மாறி மாறித் துணைக்கு இருந்த தெருக்காரர்களுக்கு. காரியங்களை நடத்திக் கொடுத்த சொந்தங்களுக்கு. சயான் ரிப்பேர்காரருக்கு, பழைய டிஸ்க்கைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு வேறு போட்டுக் கொடுத்தார், மெஷின் இப்போது டியூஷன் வகுப்பில் ஓடுகிறது. சண்டையை ஒரு நாள் தள்ளிவைத்த தாவீது மாமாவுக்கு. என்னை விடாத மதினிக்கு.

கடைசியாக, செல்லக்கனி அக்காவுக்கு. அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் இதை அவரிடம் போய்ப் படித்துக் காட்டினேன். செருப்பைக் கழற்றி அடிப்பார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அவர் அசையாமல் கேட்டார்.

"ஒன்ன விடு, நீ சின்னவ, கோவக்காரி. எதிர்க்க உக்காந்திருக்க, ரெண்டு வசவு வஞ்சா எனக்கு ஆறிப்போகும். அந்த மனுசன ஒரு வருசமா வாய்க்கு வந்தபடி பேசிட்டேனே தாயி... நான் அவியட்ட எங்க போயி மன்னிப்புக் கேக்க?"

எழுந்து வரும்போது கூப்பிட்டார். "அண்ணாச்சி பேரு போட்ட புஸ்தகந்தான அது? நான் கேட்டதா அதுல போடு" என்றார்.

போட்டிருக்கிறேன் அக்கா.