பச்சை உப்பு போட்ட மிளகாய்

2005, மாசி மாதத்து ஞாயிறு. காலை ஏழரை மணிக்கு விருதுநகர் பேருந்து நிலையத்தில் இறங்கியபோது என் முதுகு இரண்டாகப் போயிருந்தது. மாயவரத்தில் எனக்குச் சின்னதாக ஒரு மசாலா மில். போன தீபாவளிக்கு மொத்தக் கடையிலிருந்து வந்த மூட்டையில் சாயம் ஏற்றிய மிளகாய் வத்தல் இருந்தது. கடைக்காரனிடம் போய்க் கத்தித் தீர்த்தேன்; அவன் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. இனி விளைகிற காட்டுக்கே போய் வாங்குவேன் என்று வீட்டில் வீறாப்பாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

காதர் பாய் நிலையத்துக்கே வந்திருந்தார். அப்பா காலத்திலிருந்து வத்தல் தரகு செய்கிறவர். வீட்டுக்குக் கூட்டிப்போய் இடியாப்பத்தை மலையாகக் குவித்தார். போதும் என்றால் முகம் சுருங்கிவிடுகிறது அவருக்கு.

"ஏன் பாய் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வரச் சொன்னீர்கள்?" என்று கேட்டேன்.

"மத்த நாள்ல காட்டுல யார் இருக்கா அண்ணாச்சி? காலையில பட்டாசுக் கம்பெனி வேன் வந்து அம்புட்டு சனத்தையும் அள்ளிட்டுப் போயிரும். வெள்ளாமைய வாரத்துல ஒரு நாள்தான் பாக்குறாக."

ஒன்பது மணிக்குச் சிவகாசி பஸ். இருபத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் ஏழு ரூபாய். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் தாயில்பட்டி. வழியெல்லாம் கரிசல், அதில் பாதிக்குமேல் சீமைக்கருவேல். நடுநடுவே கம்பி வேலி போட்ட பட்டாசுக் கம்பெனிகள். ஒன்றுக்கொன்று எட்டத் தள்ளிக் கட்டிய வெள்ளை அறைகள். ஓரிடத்தில் மிளகாய் பழுத்து, பறிக்க ஆளில்லாமல் செடியடியிலேயே கொட்டிக் கிடந்தது. எங்கள் ஊரில் களத்தில் நாலு நெல் சிந்தினால் அப்பா குனிந்து பொறுக்குவார். எனக்கு வயிறு எரிந்தது.

நாங்கள் பார்க்கப்போனது மாரியம்மாளின் காட்டை. போகிற வழியில் பாய் விவரம் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன் கம்பெனித் தீயில் அவள் புருஷன் போய்விட்டான். அதே வேலைக்குத்தான் இவளும் போகிறாள், வெடிமருந்து கலக்கிற அறையில். கிணற்றை ஒட்டி ஒரு ஏக்கர் இருக்கிறது. இந்த வருடம் வத்தல் நல்லபடி விலைபோனால் அந்த அறைக்கு முழுக்குப் போட்டுவிட்டு, கறவை மாடு வாங்கிக் காட்டோடு இருந்துவிடுவது என்று முடிவு கட்டியிருக்கிறாளாம்.

பதினொன்றரைக்குக் காட்டில் நின்றோம். பக்கத்துக் காடுகளில் செடி முழங்காலுக்கு வெளுத்து நின்றது. இவள் காட்டில் இடுப்புயரம், கருகருவென்று இலை, காய் சும்மா சடை பிடித்துத் தொங்குகிறது. மாரியம்மாளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மடி நிறைய மிளகாய்ப் பழத்தோடு வரப்புக்கு வந்தாள்.

"வாங்க அண்ணாச்சி. வெயில்ல வந்திருக்கீக. தண்ணி குடிங்க."

கிணற்றுத் தண்ணீர். இரண்டு செம்பு குடித்தேன்.

"என்னம்மா போட்டாய், இப்படி வந்திருக்கிறது?"

"உப்புதான் போட்டேன்."

எனக்குத் திக்கென்றது. பாய் சிரித்தார். "பயந்துறாதீக. இங்கன உரத்தைத்தான் உப்புன்னு சொல்லுவாக."

அப்படியா சங்கதி என்று நானும் சிரித்தேன். காட்டில் உள்ளது முழுக்க எனக்கே என்று கையில் அடித்துச் சொல்லிவிட்டேன். அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே. பறித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களிடம், "ஏட்டி, நான் வேனுல ஏறப்போறது இந்த மாசத்தோட சரி," என்றாள்.

அத்தோடு கிளம்பியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்காதே. எந்தக் கடை உப்பு, எங்கள் ஊர்க்காரர்களுக்கும் சொல்கிறேன் என்று கேட்டேன்.

"கடையில இது கெடைக்காது அண்ணாச்சி. கம்பெனி உப்பு. மழையில நனைஞ்சு கட்டிதட்டிப் போச்சுன்னு கொட்ட வச்சிருந்தாக. போர்மேன்ட்ட கேட்டு வாங்கியாந்தேன்."

பாயின் சிரிப்பு நின்றது. "எந்த உப்பு, ஆத்தா? வெடியுப்பா?"

"வெடியுப்பு போட்டா பயிர் ஏறும்னு எல்லாரும் சொல்லுவாக. அதை யாரு தருவா? இது பச்சை உப்பு." சற்றுப் பெருமையாகவே சொன்னாள். "பூச்சட்டிய, அதான் புஸ்வாணத்தை, பச்சையா எரிய வைக்கிறது இதுதான். நெருப்பையே பச்சையாக்குறது செடிய ஆக்காதா? ஆக்கிருச்சே, பாருங்க."

நம்பாதது போல் நான் நின்றேன் போலிருக்கிறது. வேப்பமரத்தில் உயரக் கட்டியிருந்த சாக்கை இறக்கி, ஒரு சிட்டிகை எடுத்து, மரத்தடிக் கல் அடுப்பில் எரிந்த பருத்திமார்க் குச்சிகள் மேல் தூவினாள். சுடர் பச்சையாகச் சீறி அடங்கியது.

"அதை ஏன் மரத்துல கட்டி வச்சிருக்க?" என்றார் பாய்.

"கீழ வச்சிருந்தேன். ஆடு நக்கிருச்சு. காலு நாலும் துவண்டு விழுந்து, பொழுதடையிறதுக்குள்ள செத்துப்போச்சு. உப்பு கூடிருச்சு போல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் இரண்டு செம்பு குடித்தது இந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். உப்புப் போட்ட பாத்திக்கும் கிணற்றுக்கும் பத்தடி தூரம்கூட இல்லை.

பாய் செல்போனை எடுத்துத் தன் மச்சானைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். மச்சான் சிவகாசியில் ரசாயனக் கடையில் வேலை பார்க்கிறவர். அவர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது: "நாக்குல வைக்கக் கூடாத சாமானய்யா அது. வெசம். காட்டுல எந்தக் கிறுக்கன் போட்டான்? அங்கன வெளஞ்சதை யாரும் வாயில வைக்காதீக. அந்தத் தண்ணியும் வேண்டாம்."

பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை எடுத்துவிட்டார்கள். மாரியம்மாள் மட்டும் மடியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"அப்ப நீங்க வாங்க மாட்டீகளா அண்ணாச்சி?"

சாயம் ஏற்றியவனைத் திட்ட எனக்கு வாய் இருந்தது. இவளை எப்படித் திட்டுவது? மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினேன். மனசு பாவி, விளைந்து நின்ற காட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டது.

"ஏத்தா, எங்களுக்கும் வேண்டாம், சந்தைக்கும் கொண்டு போயிராத," என்றார் பாய். "குழி வெட்டிப் புதைச்சிரு. நாளைக்குச் சூலக்கரைக்கு நான் கூட வாரேன். வெவசாய ஆபீசுல மண்ணையும் தண்ணியையும் குடுத்துக் கேப்போம்."

அவள் மடியிலிருந்த பழத்தை வரப்பிலேயே கொட்டினாள். முந்தானையை உதறினாள். சாக்கின் வாயைச் சுருக்கி இறுகக் கட்டினாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"நாளைக்கு எங்கன பாய் வர? லீவு போட்டா சீட்டைக் கிழிச்சிருவாக. காடு இல்லேன்னு ஆயிருச்சு, இனி வேனு ஏறித்தான் ஆகணும்."

பிறகு தன் வலது கையை விரித்துப் பார்த்தாள். கேட்டது பாயிடமா என்னிடமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

"செடிக்கு ஒரு பிடி போட்டதுக்கே இம்புட்டுச் சொல்லுதீக. நான் எட்டு வருசமா இதை வெறுங்கையால அள்ளிச் சலிக்கேன். மத்தியானம் அந்தக் கையாலதான் சோறு திங்கேன். என்னைய எங்கன கொண்டு போய்ப் புதைக்க?"