சிவப்பு ஒயர் கட்டிய செருப்பு

போன வருடம் ஆடி மாதம் தொடங்கியது இது. சேலையூரில், கேம்ப் ரோடிலிருந்து உள்ளே திரும்புகிற ஒரு தெருவில் வீட்டோடு சேர்த்து இட்லி மாவுக் கடை வைத்திருக்கிறேன். எனக்கு அப்போது எழுதப் படிக்கத் தெரியாது. தெருவில் யாருக்கும் அது தெரியாது. செல்போனில் யாராவது எழுதி அனுப்பினால் என்னிடமிருந்து பதில் போகாது, பேசி அனுப்பினால் உடனே போகும். பாவம், கை முழுக்க மாவு, எங்கே படிக்கப் போகிறது என்று அவர்களாகவே நினைத்துக்கொள்வார்கள். நானும் விட்டுவிடுவேன்.

சிக்கல் என் மகனுக்குக் கல்யாணம் ஆனபோதுதான் வந்தது. பெண் பட்டப்படிப்பு படித்தவள், தாம்பரத்தில் ஒரு ஆபீசில் கணக்குப் பார்க்கிறாள். பெண் பார்க்கப் போன இடத்தில் என் வீட்டுக்காரர் வாய்க்கு வந்தபடி, "எங்க வூட்ல எட்டாவது வரைக்கும் படிச்சிகீது" என்று அளந்துவிட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு காபியைக் குடித்தேன். மருமகள் வீட்டுக்கு வந்தபிறகு என் பாடு பேஜாராகிவிட்டது. பேப்பரை நீட்டினால் கண்ணாடியைக் காணோம் என்பேன். கல்யாணப் பத்திரிகை வந்தால் "நீயே படிச்சு சொல்லுமா, அடுப்புல வேலை கீது" என்பேன். என்றைக்காவது குட்டு உடைந்தால், ஏமாற்றிக் கட்டி வைத்துவிட்டார்கள் என்று அவள் வீட்டார் பேசுவார்களே, இந்தப் பெண் என்னை ஒரு பொருட்டாக மதிப்பாளா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

படித்துவிடலாம் என்று தோன்றாமல் இல்லை. செல்போனில் மைக்கை அமுக்கி, "பெரியவங்களுக்கு எழுத்து சொல்லித் தர்ற கிளாஸ்" என்று பேசித் தேடினேன். நிறைய வந்தது. பாதி வெறும் எழுத்தாக இருந்தது. படிக்கத் தெரியாதவளுக்கு எழுதிப் போட்டால் எப்படி ஐயா? மீதி வீடியோ. ஒன்றில் என் வயதுப் பெண்மணி கையில் சிலேட்டோடு உட்கார்ந்திருக்க, சோகமாக ஒரு மியூசிக். கேமரா அந்த அம்மாவின் கண்ணுக்குள்ளேயே போகிறது. அவர் அழுகிறார், கீழே லைக் குவிந்து கிடக்கிறது. நல்ல மனதோடுதான் எடுத்திருப்பார்கள். ஆனாலும் அந்த இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். அதை மருமகள் பார்த்தால்? சீச்சீ, படிப்பும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அப்புறம் ஒரு நாள் எங்கள் தெருவுக்குப் பூ கொண்டு வருகிற அம்மா எல்லாருக்கும் அனுப்பியதுபோல எனக்கும் ஒரு குரல் பதிவை அனுப்பினாள். கிரைண்டரை நிறுத்திவிட்டுக் காதில் வைத்துக் கேட்டேன். ஒரு பெண் குரல், தோழி பேசுவது போல இருந்தது. "அக்கா, ஊரப்பாக்கத்துல சனிக்கிழமை சாயந்தரம் கிளாஸ் நடக்குது. ஸ்டேஷன்ல எறங்கி போன் பண்ணுங்க, நானே வந்து கூட்டிட்டுப் போறேன். பேர் சொல்ல வேணாம். போட்டோ புடிக்க மாட்டோம். வீட்ல என்னா சொல்லணுமோ அதச் சொல்லிட்டு வாங்க."

ஊரப்பாக்கம் என்பது எனக்கு வசதியாகப் போயிற்று. அங்கே என்னை யாருக்குத் தெரியும்? சனிக்கிழமை ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, தாம்பரத்தில் ரயில் ஏறினேன்.

ஒரு கடைக்கு மேலே மாடியறை. தரையில் பாய். டீச்சருக்கு என்னைவிட வயது குறைவு, எங்களையெல்லாம் அக்கா என்றுதான் கூப்பிடுவார். வகுப்புக்கும் ஒரு பக்கம் இருந்தது இன்டர்நெட்டில். அதில் வாராவாரம் ஒரே மாதிரிப் படம்தான். மாடிப்படியில் நாங்கள் கழற்றிவிட்ட செருப்புகள். அவ்வளவுதான். ஒருமுறை பெஞ்சு வாங்கித் தருவதாக ஒருவர் வந்து, உள்ளே எங்களைப் படம் எடுக்கவேண்டும் என்றார். நான் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். டீச்சர் வாசலிலேயே மறித்து, "செருப்ப எவ்ளோ வேணா எடுத்துக்கங்க சார். முகத்தப் போட்டா அடுத்த வாரம் ஒருத்தரும் வரமாட்டாங்க" என்று அனுப்பிவிட்டார். பெஞ்சு வரவில்லை. இன்றைக்கும் பாயில்தான் உட்காருகிறோம். அந்தப் பாயை நான் கும்பிடுவேன்.

மழை பிடிக்கிற நேரத்தில் ஒரு சனிக்கிழமை, ரயில் மெதுவாக நிற்கும்போது ஜன்னல் வழியாகப் பெயர்ப்பலகையைப் பார்த்தேன். ஊ, ர, ப், பா... நானே படித்துவிட்டேன்! பக்கத்தில் இருந்தவர்களைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. யாரிடம் சொல்ல? கோயிலுக்கல்லவா போயிருக்கிறேன்!

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை நான் மாவைப் பாக்கெட்டில் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஆபீஸ் விட்டு வந்த மருமகள் ஒரு அட்டைப்பெட்டியை என் பக்கத்தில் வைத்தாள். திறந்தால் புதுச் செருப்பு. கறுப்பு நிறம், எல்லாரும் போடுகிற சாதாரண ரகம்.

"அத்தை, நாளைக்கு இதப் போட்டுட்டுப் போங்க. பழசு போட்டோல தெரியுது."

"இன்னா போட்டோமா?"

போனை என் முன்னே நீட்டினாள். எங்கள் மாடிப்படி. நடுவில் என் பழைய செருப்பு. அதன் வார் அறுந்தபோது, கூடை பின்னி மிச்சமிருந்த சிவப்பு ஒயரால் நானே இறுக்கிக் கட்டியிருந்தேன். அந்தச் சிவப்பு பளிச்சென்று தெரிந்தது. ஊரிலேயே வேறு யார் அப்படிக் கட்டுவார்கள்! முகத்தை மூடத் தெரிந்த எனக்குச் செருப்பு ஞாபகம் வரவில்லை.

அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து போனையே பார்த்தேன். படத்துக்குக் கீழே எழுத்து. என்னை அறியாமல் வாய் முணுமுணுத்தது. "இந்த... வாரம்... வந்த... வர்கள்."

நிமிர்ந்தால் அவள் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கும் அழுகை வந்துவிட்டது.

"எட்டாவதுன்னு சொன்னது பொய்யிமா" என்றேன்.

"தெரியும் அத்தை. ரொம்ப நாளாவே தெரியும். வாராவாரம் கோயிலுக்குப் போறீங்க, ஒருநாளாவது ஒரு பொட்டு செந்தூரம் கொண்டு வந்தீங்களா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "எனக்கு நல்லா சமைக்கத் தெரியும்னு எங்கம்மா சொன்னாங்களே, அது மட்டும் நிஜமா?"

மாவுக் கையோடு அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டேன். போனில் எதையோ பார்க்கும்போது வகுப்பின் பக்கம் அவள் கண்ணில் பட்டிருக்கிறது. எங்கள் பக்கத்து ஆட்கள் யாராவது அந்தப் படத்தைப் பார்த்து, சிவப்பு ஒயரை வைத்து என்னை அடையாளம் கண்டுவிடுவார்களோ என்றுதான் அவள் பயந்திருக்கிறாள். என்னிடம் கேட்டுவிட்டால் நான் வகுப்பையே விட்டுவிடுவேனோ என்று வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள். கடைசியில் செருப்பை மாற்றினால் போதும் என்று கடைக்குப் போயிருக்கிறாள். நான் பெற்ற பெண் இருந்தாலும் இவ்வளவு யோசித்திருக்குமா, தெரியாது.

மறுநாள் சனிக்கிழமை. வாசலில் இரண்டு ஜோடியும் இருந்தன. கொஞ்ச நேரம் நின்று யோசித்தேன். பிறகு பழையதையே மாட்டிக்கொண்டேன். ஊரப்பாக்கத்தில் மாடிப்படிக்கு வந்ததும் அதை ஓரத்தில் விடவில்லை. முதல் படியில், சிவப்பு ஒயர் நன்றாகப் படத்தில் விழுகிற மாதிரி கழற்றி வைத்துவிட்டு மேலே போனேன்.

இதுவரைக்கும் நான் சொல்லச் சொல்ல எழுதியவள் என் மருமகள்தான். அவளைப் பற்றிச் சொன்ன இடத்திலெல்லாம் "இது வேணாம் அத்தை" என்று பேனாவை மூடினாள், விடவில்லை நான். கடைசி வரிக்குப் பேனாவை வாங்கிக்கொண்டேன், இது என் கையெழுத்து: செருப்பை மட்டும் படம் எடுத்த டீச்சரும், அதைப் பார்த்தும் என்னைக் காட்டிக் கொடுக்காத என் மருமகளும் நல்லா இருக்கணும்.