இப்போது அதற்கு அர்த்தம் வேறு

என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று அம்மாவின் இடது கட்டைவிரலைப் பிடித்து மையில் தேய்த்த எழுத்தர் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. "தற்குறிதானே?" என்று மட்டும் கேட்டார். "ஆமாங்க" என்றாள் அம்மா, ஊர்ப்பெயரைச் சொல்வதுபோல. வெளியே வந்ததும் விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டாள். கையெழுத்துப் போடத் தெரியாமல் ரேகை வைப்பவருக்கு அதுதான் பெயர் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

இன்று அந்தச் சொல் கைப்பேசிகளில் புரள்கிறது. படித்தவனைப் படித்தவன் திட்டுகிறான். யோசிக்காமல் உளறுகிறவன், எதைச் சொன்னாலும் விளங்காதவன், எல்லோரும் தற்குறி. எழுத்து தெரியுமா என்ற கேள்வியே அதில் இல்லை. நானும் நாளுக்கு நாலு முறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன ஆவணியில் குமாரபாளையத்தில் ஒரு வீட்டுமனை வாங்கினோம். பத்திரத்தில் என் பெயரோடு அம்மா பெயரும் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். தறிப்பட்டறையில் நின்று நின்றே என்னைப் படிக்கவைத்தவள் அவள். பதிவுக்கு முந்தின நாள் மாலை அலுவலகத் தோழியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். ஃபைலை மாற்றி அனுப்பிய ஒருவனைப் பற்றிய பேச்சு. "சரியான தற்குறிடி! இதுங்களையெல்லாம் எதுக்கு உள்ள விடறாங்களோ" என்று சிரித்தேன். வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

மறுநாள் பத்து மணிக்கு எங்கள் முறை. ஒன்பதாகியும் அவள் புடவை மாற்றவில்லை.

"உம் பேர்ல மட்டும் எழுதிக்க கண்ணு. தற்குறி எதுக்கு நடுவுல?"

"உன்னச் சொல்லலீம்மா. இப்ப அதுக்கு அர்த்தமே வேற. ஒண்ணும் தெரியாதவன், உளறறவன்னு அர்த்தம்."

"அன்னைக்கும் அதான சாமி அர்த்தம்."

சொல்லிலிருந்து கட்டைவிரல் மட்டும்தான் உதிர்ந்திருந்தது. முகம் பார்க்காமல் கேட்ட அந்த மனிதரின் குரல் அப்படியே என் வாய்க்கு வந்துவிட்டிருந்தது.

"இனி சொல்ல மாட்டேம்மா. உம் பேரு இல்லாம அந்த எடம் எனக்கு வேண்டாம்."

மணி ஒன்பதரை. அம்மா எழுந்து கொடியில் கிடந்த புடவையை உருவினாள். பேருந்தில் சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

பதிவு அலுவலகத்தில் இப்போது கையெழுத்துப் போடுகிறவர்களும் இயந்திரத்தில் விரல் வைக்க வேண்டும். என் விரலை அது இரண்டு முறை ஏற்கவில்லை. பின்னால் நின்றவர்கள் முனகினார்கள். அம்மா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"நல்லா அழுத்தி வையி, தற்குறி" என்றாள்.

சிரிக்கிறாளா என்று திரும்பிப் பார்த்தேன். தெரியவில்லை. விரலை அழுத்தினேன்.