சாமிக்குக் கொடுத்த ஸ்பானர்கள்

எங்கள் வீட்டில் எனக்கு மூத்தாள் ஒருத்தி இருந்தாள். நான்கு சக்கரம், கறுப்பு நிறம், தீராத இருமல். கல்யாணமாகி மலாக்காவில் காஜா பெராங் வீட்டுக்கு வந்த அன்றே என் கணவர் என்னை அழைத்துப் போய்க் காட்டியது அவளைத்தான். கொல்லையில் ரம்புத்தான் மரத்தடியில் மூடியைத் திறந்து போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். இவருக்கு முகமெல்லாம் பூரிப்பு.

இவர் அரசாங்க ஆபீசில் கிராணி, குமாஸ்தா வேலை. காலையில் வெள்ளைச் சட்டை, மாலையில் முழங்கை வரை கிரீஸ். மற்ற ஆம்பிளைகள் சீட்டாடினார்கள், பந்தாட்டம் பார்க்கப் போனார்கள். இவர் செத்துப்போன கார்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒன்றின் இஞ்சினைக் கழற்றி இன்னொன்றுக்குப் போட்டு, அது உறுமுவதைக் கேட்டு ஆனந்தப்படுவார். ஓடத் தொடங்கியதும் அலுத்துவிடும். யாருக்காவது தள்ளிவிட்டு அடுத்த பிணத்தை இழுத்து வருவார். மூத்தாள்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், மரத்தடி மட்டும் காலியாகவில்லை.

இதற்கு ஒரு கூட்டாளி வேறு. பக்கத்து வீட்டுக்காரர், கம்போங் செட்டியைச் சேர்ந்தவர், பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து தமிழை மறந்துபோன வம்சம். நெற்றியில் திருநீறு, வாயில் மலாய். நம் சாமியைத்தான் கும்பிடுவார். தமிழில் தெரிந்ததெல்லாம் பத்துப் பதினைந்து வார்த்தைகள், அதில் பாதி சாமி பெயர். இவரும் அவரும் ஒரு காருக்கு அடியில் இரண்டு மணி நேரம் படுத்துக் கிடப்பார்கள். காதில் விழுவது "ம்", "போலே", "ஐயோ" இவ்வளவுதான். போலே என்றால் முடியும் என்று அர்த்தம். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். அவர்களுக்கு எல்லாமே போலேதான்.

நாட்டுக்கு மெர்டேக்கா, அதுதான் சுதந்திரம், வந்த வருஷம் வந்து சேர்ந்தவள் கொஞ்சம் உயர்ந்த ஜாதி. ஊர் திரும்பிய வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் விட்டுப்போன கார். "துரை போனாரு, காடி நம்ம கைக்கு வந்துச்சு, இதான் மெர்டேக்கா" என்று இவர் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். உள்ளே தோல் இருக்கை. மேட்டில் ஏறச் சொன்னால் மட்டும் பாதியில் புகையைக் கக்கிவிட்டு நின்றுவிடும்.

நான் அப்போது இரண்டாம் முறையாகக் கர்ப்பம். முதல் பிள்ளையைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. வலி எடுத்தபோது மழை. பேச்சாவில் என்னை உட்கார வைத்து, மேலே தார்ப்பாயைப் போட்டு, பேச்சாக்காரர் மூச்சிரைக்க மிதித்தார். மூன்று சக்கர வண்டி எவ்வளவு வேகம்தான் போகும்? ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது காலம் கடந்துவிட்டது. பிள்ளை பிறந்தது, அழவில்லை. பக்கத்துக் கட்டில்களில் எல்லாம் அழுகைச் சத்தம். என் கட்டிலில் மட்டும் இல்லை.

அதனால் இந்த முறை இவர் என் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார். "பேச்சா கிடையாது. நம்ம காடியிலதான் போறோம்." ஆஸ்பத்திரி நர்ஸும் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளையின் தலை இன்னும் கீழே திரும்பவில்லை, வலி எடுத்தால் ஒரு நிமிஷம் வீட்டில் இருக்காதே என்று சொல்லி அனுப்பியிருந்தாள். நான் வயிற்றில் பிள்ளையோடு நெருப்பையும் கட்டிக்கொண்டு நடமாடினேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் லாரி மோதிப் பின்பக்கம் நசுங்கிய ரொட்டி வேன் ஒன்று இவர் கண்ணில் பட்டது. முன்பக்கத்தில் இஞ்சின் அப்படியே குத்துக்கல்லாக இருந்ததாம். மறுநாள் மாலை துரை காரின் பழைய இஞ்சின் ரம்புத்தான் கிளையில் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"மாசம் எட்டு முடியப் போவுது. இப்பப் போயி இஞ்சினைக் கழட்டுவாங்களா?" என்று கத்தினேன்.

"பழசைப் போட்டுக்கிட்டுப் போயி நடு ரோட்டுல நின்னா என்னா செய்வ? இது நிக்காத இஞ்சின். உனக்காகத்தான் செய்யறேன்."

அதைப் பொய் என்று தள்ள முடியாததுதான் எனக்கு இன்னும் கோபம். எனக்காகத்தான் செய்தார், அது உண்மை. சங்கிலியைப் பிடித்து இழுக்கும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்காக அல்ல, அதுவும் உண்மை.

வேன் இஞ்சின் பெரிசு, காரின் வயிறு சிறிசு. தாங்கும் இடத்தில் ஓட்டைகள் ஒன்றோடு ஒன்று சேரவில்லை. நடுவில் வைக்க இரும்புத் துண்டு வேண்டும் என்று, உடைந்துபோன எங்கள் பழைய இரும்புக் கட்டிலின் சட்டத்தை அறுத்து, துளை போட்டு, அதன்மேல் இஞ்சினை உட்கார வைத்தார்கள். கட்டில் சட்டம் ஒரு இஞ்சினைத் தாங்குமா என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டேன். "போலே" என்றார். மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவது என்பார்களே, என் குதிரைக்குக் கட்டில் கால்.

சரஸ்வதி பூசையன்று காலையில் நிலைமை இதுதான். இஞ்சின் உள்ளே இறங்கிவிட்டது. போல்ட்டுகளை விரலால் திருகி வைத்திருந்தார்கள், ஸ்பானர் போட்டு முறுக்கவில்லை. பெட்ரோல் குழாயும், பொறி விடும் பிளக்குகளும் மாட்ட வேண்டும். ஒரு மாலை வேலை. ஆனால் அன்று வேலை கிடையாது. ஆயுதங்களையெல்லாம் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி மேடையில் அடுக்கிவிட்டால் மறுநாள் மறுபூசை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. தொட்டால் அந்த வருஷம் முழுக்கத் தொட்டது துலங்காது என்பது என் மாமியாரின் சட்டம்.

மாமியாரின் பக்திக்கு அளவு கிடையாது. இவருடைய பெட்டியோடு நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போய், "நீயும் நம்ம சாமியைக் கும்பிடறவன்தானே" என்று அவருடைய ஸ்பானர்களையும் அள்ளி வந்துவிட்டார். மரத்தடிப் பலகைமேல் இருந்தவற்றில் கைக்கு அடக்கமானதையெல்லாம் மடியில் கட்டிக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றுக்கும் பொட்டு, ஒவ்வொன்றுக்கும் பூ. பெரிய ஸ்பானர், சின்ன ஸ்பானர், சுத்தியல் எல்லாம் கல்யாணப் பெண்கள்போல் வரிசையாகப் படுத்திருந்தன.

பூசை முடிந்து சுண்டலைக் கையில் வாங்கினேன். வலி எடுத்தது.

முதலில் சூட்டு வலி என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். மூன்றாவது முறை வந்தபோது கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. மலாக்காவின் அந்தப் பிற்பகல் மழை, எதிர் வீடு தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு டாக்சி தேட ஜாலான் பெண்டஹாரா பக்கம் போனார். நனைந்த கோழியாகத் திரும்பி வந்து தலையை ஆட்டினார். ரோட்டில் தண்ணீர் ஏறிவிட்டது, ஒருவரும் வரமாட்டேன் என்கிறார்கள். மூலைக் கடையில் டெலிபோன் வேலை செய்யவில்லை. வாசலில் ஒரு பேச்சா கூட இல்லை. இருந்தாலும் நான் ஏறியிருக்கமாட்டேன்.

"காடிதான்" என்றார் இவர். சொல்லிவிட்டு, சாமி அறை வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். உள்ளே போகவில்லை. அறை வாசலில் மாமியார் நின்றிருந்தார்.

"அம்மா, ஒரே ஒரு ஸ்பானா."

"பூசை போட்டாச்சுய்யா. இப்ப எடுத்தா ஆகாது. பிள்ளை பொறக்குற நேரத்துல சாமி குத்தம் சேர்த்துக்கணுமா? மழை விடட்டும்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். மாமியார் கல்நெஞ்சக்காரி அல்ல. முதல் பிள்ளை போனபோது என்னைவிட அதிகம் அழுதவர் அவர்தான். அதனால்தான் அந்தப் பயம். எனக்கும் அதே பயம் இருந்தது. ஆனால் மாமியார் சாமிக்குப் பயந்தார், நான் அந்தக் கட்டிலுக்குப் பயந்தேன், அழுகைச் சத்தமில்லாத கட்டிலுக்கு.

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனேன். என் வயிற்றைப் பார்த்து மாமியார் தானாக விலகினார். குனிய முடியவில்லை. மேடையில் சாய்ந்துகொண்டு, கைக்கு வந்ததையெல்லாம் முந்தானையில் வாரினேன். பூவும் குங்குமமும் சேர்ந்தே வந்தன. "சாமி கோவிச்சா எம்மேல கோவிக்கட்டும்" என்று சொல்லி, இவர் கையில் கொட்டினேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. மாமியார் மேடைப் பக்கம் திரும்பிக் கற்பூரத்தை ஏற்றினார்.

மரத்தடியில் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு இரண்டு ஆண்களும் வேலையில் இறங்கினார்கள். என்னைப் பின் இருக்கையில் படுக்க வைத்தார்கள். முறுக்கும் ஒவ்வொரு முறுக்கிலும் கார் குலுங்கியது, நான் பல்லைக் கடித்தேன். எல்லாப் போல்ட்டையும் இறுக்க நேரமில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஜாங்ஙான் தாக்குட்" என்றார். பயப்படாதே என்றார். உடனே தமக்குத் தெரிந்த சாமி பெயர்களையெல்லாம் முணுமுணுக்கத் தொடங்கினார்.

இவர் முன்னால் கைப்பிடியை மாட்டிச் சுற்றினார். இஞ்சின் ஒரு தடவை தும்மியது, நின்றுவிட்டது. மறுபடி சுற்றினார். தடதடவென்று குதித்தது, செத்தது. பெட்ரோல் வருகிறதா, வருகிறது. பேட்டரி இருக்கிறதா, இருக்கிறது. மறுபடி, மறுபடி. இவர் முகம் மழையில் நனைந்திருந்ததா அழுதாரா என்று எனக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்துவிட்டது. சாமி குத்தம்தான். கையை நீட்டி வாரிக்கொண்டவள் நான், தண்டனை என் வயிற்றுக்கு வருகிறது. சரஸ்வதியிடம் பேரம் பேசினேன். என் கை விளங்காமல் போகட்டும், பிள்ளையை விட்டுவிடு என்றேன். அதுவரை வேறு யாரிடமும் நான் அப்படிக் கெஞ்சியதில்லை.

அப்போது மறுபடியும் சுற்றினார். இஞ்சின் இரண்டு மூச்சு விட்டுவிட்டு அடங்கியது. பின்னாலிருந்து புகை திறந்த கதவு வழியாக உள்ளே வந்தது. அதில் பெட்ரோல் நெடி, கரி நெடி, அதற்குள்ளே ஒரு நல்ல வாசனை. கடைப் பொடி அல்ல, மாமியார் கல்லில் இழைக்கும் கட்டைச் சந்தனம். கல்யாணமான நாளிலிருந்து அந்த வாசனையில்தான் விழிக்கிறேன், எனக்கா தெரியாது?

"என்னங்க! சந்தனம்! உள்ள சந்தனம் எரியுது!"

இவர் எனக்குப் பிதற்றல் வந்துவிட்டது என்று நினைத்தாராம். மாமியார்தான் குடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"அந்த வெள்ளைச் சாமானையா உள்ள மாட்டினே? அது மேடையிலதான் இருந்துச்சு. ஒரு நுனியில சின்னதா தலை மாதிரி வளைஞ்சு இருந்துச்சேய்யா... பொட்டு வெச்சேன்."

பிளக்குகள். பொறி பறக்க வேண்டிய இடுக்கில், நாலுக்கும் பாரபட்சம் பார்க்காமல், சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்திருந்தார். அவசரத்திலும் மழை இருட்டிலும் இவர் பார்க்காமல் அப்படியே திருகிவிட்டார். ஏதோ ஒன்றிரண்டு மட்டும் அரைகுறையாகப் பொறி விட்டிருக்கிறது.

கழற்றினார்கள். துடைக்க ஒரு துணி இல்லை, கிடந்ததெல்லாம் ஈரம், எண்ணெய். மாமியார் உடுத்தியிருந்தது பூசைப் பட்டு, வருஷத்துக்கு ஒரு நாள் பெட்டியிலிருந்து வெளியே வருவது. நனையாமல் இடுப்பில் செருகி வைத்திருந்த முந்தானையை எடுத்து, ஒவ்வொரு பிளக்காக வாங்கி, நகத்தால் சுரண்டி, பட்டால் துடைத்துத் துடைத்து மகனிடம் கொடுத்தார். குழந்தையின் மூக்கைத் துடைப்பதுபோல் அவ்வளவு கவனம்.

அடுத்த சுற்றில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. வேன் இஞ்சினின் முரட்டுச் சத்தம். அதைவிட இனிமையான சத்தத்தை அதுவரை நான் கேட்டதில்லை.

போன வழி எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. சக்கரத்தின் பாதிவரை தண்ணீர். முன் இருக்கையில் பக்கத்து வீட்டுக்காரர் காதைத் தாழ்த்தி இஞ்சினைக் கேட்டுக்கொண்டே வந்தார். ஒவ்வொரு பள்ளத்திலும் கட்டில் சட்டம் கிறீச்சிட்டது. நான் வலியை மறந்து அந்தச் சத்தத்தையே கவனித்தேன். ஒரு திருப்பத்தில் ஏதோ உடைந்து விழுந்ததுபோல் கேட்டது. இவர் நிறுத்தவில்லை. மாமியார் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "போயிடலாம், போயிடலாம்" என்றே சொல்லிக்கொண்டு வந்தார். அவர் மடியில் சந்தனமும் கிரீசும் மணந்தன.

ஆஸ்பத்திரியில் என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பிள்ளை கால் பக்கமாக வந்தது. டாக்டரும் நர்ஸும் என்னென்னவோ செய்தார்கள். பிறகு எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். அந்த அமைதி எனக்குத் தெரிந்த அமைதி. நான் கண்ணை மூடிக்கொண்டு, நொடிகளை எண்ணக்கூடத் தைரியமில்லாமல் கிடந்தேன்.

தும்மல்போல ஒன்று கேட்டது. நின்றுவிட்டது. மறுபடி ஒன்று. பிறகு பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியே அதிரும்படி என் மகள் அழுதாள்.

அடுத்த வருஷம் சரஸ்வதி பூசை வந்தது. மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தாள். மரத்தடியில் வேறொரு மூத்தாள் வாயைத் திறந்துகொண்டு நின்றாள். மாமியார் வழக்கம்போல் ஸ்பானர்களைக் கழுவி, பொட்டு வைத்து, மேடையில் அடுக்கினார். பிளக்குகளின் பக்கம் போகவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, பொட்டு வைக்காமல் தனியே எடுத்து வைத்திருந்த பெரிய ஸ்பானரை அடுப்படிக்குக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"இது உங்கிட்டயே இருக்கட்டும்" என்றார். "சாமிகிட்ட சொல்லிட்டேன்."